ஸ்டாண்டர்டு ஹெரால்டு: வீட்டுக் கொட்டகையில் பழுதும் மேம்பாடும்

இந்தியாவில் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டிய ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், பெயரளவில் ஸ்போர்ட்ஸ் காரே அல்லாத ஸ்டாண்டர்டு ஹெரால்டைத்தான் சொல்ல வேண்டும். 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டாக வெளிவந்த இதன் வடிவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி. சென்னையில் 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஏறத்தாழப் பத்தாண்டு இதை உற்பத்தி செய்தது. இதே அடிச்சட்டத்தைக் குறுக்கி, இதே எஞ்சினைச் சற்றுப் பெருக்கித்தான் 1962-ல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் அமரும் திறந்த கார் இங்கிலாந்தில் பிறந்தது. 1980 வரை ஓடிய அந்த ஸ்பிட்ஃபயருக்கு இன்றும் அங்கே உதிரிபாகச் சந்தை உயிரோடு இருக்கிறது. அதில் பலவும் ஹெரால்டுக்கும் பொருந்தும். சென்னை ஆலை மூடி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்னும் இந்தக் காரை ஓட்ட முடிகிறதென்றால் இந்த உறவு அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இந்திய ஹெரால்டு கடைசி வரை 948 சி.சி. எஞ்சினையே வைத்துக்கொண்டது. நான்கு கதவு கொண்ட மார்க் 3 இங்கிலாந்தில் இல்லாதது; இங்கே மட்டும் செய்யப்பட்டது. 1972 முதல் 1977 வரை வந்த கெசல் இதன் தம்பி. கெசலில் பின்பக்கம் சாதாரண முழு ஆக்சில்; ஹெரால்டில் இரண்டாகப் பிரிந்து தனித்தனியே ஏறி இறங்கும் ஆக்சில். பழுது பார்ப்பவர் முதலில் கவனிக்க வேண்டிய வேறுபாடு இதுதான்.

வீட்டிலேயே வேலை செய்ய நினைப்பவருக்கு இந்தக் காரைப் போல ஒத்துழைக்கும் வண்டி குறைவு. 1953-ல், ட்ரையம்ப் கார்களைச் செய்துவந்த இங்கிலாந்து ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு பாடி அழுத்திக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ ஆலையைப் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே கூடாகச் செய்துதர ஆள் கிடைக்காமல், துண்டு துண்டாகச் செய்து தனி அடிச்சட்டத்தின் மேல் போல்ட் போட்டு முடுக்கும் பழைய முறைக்கே ட்ரையம்ப் திரும்பியது. அன்றைய இக்கட்டு இன்றைய வரம். பானெட், முன் மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் கழற்றலாம். குனிந்து இடுப்பு ஒடிய வேண்டியதில்லை. கூரையும் போல்ட்தான். அதைக் கழற்றிவிட்டுத் திறந்த காராக ஆக்கிக்கொண்டவர்கள் நாடெங்கும் உண்டு. இந்தப் பழக்கத்தின் விலை என்ன என்பது பதிவுச் சட்டத்தைப் பேசும்போது தெரியும்.

இப்படிப்பட்ட பழைய காரைப் பழுது பார்ப்பதில் திருச்சியின் நிலை தனியானது. பழைய இயந்திரத்துக்கு இல்லாத பாகத்தைச் செய்துதரும் கைப்பழக்கம் இந்த ஊரில் ஊறியது. நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாறி 1928-ல் ஓடத் தொடங்கிய ரயில்வே பணிமனை, நீலகிரி மலை ரயிலுக்கான எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களை 2010-களிலும் புதிதாகவே செய்து அனுப்பியது. நூறாண்டு பழைய வடிவத்துக்குப் புது எஞ்சின் செய்யும் ஊரில் ஹெரால்டின் வாட்டர் பம்ப் தண்டைக் கடைந்து தர ஆள் இல்லாமல் போகாது. திருவெறும்பூர், துவாக்குடி வட்டாரத்தில் பெல் கொதிகலன் ஆலையைச் சார்ந்து வளர்ந்த பட்டறைகள் ஏராளம். வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே 1975-ல் இங்கு ஒரு நிலையம் தொடங்கப்பட்டது.

ஆனால் இந்தப் பெருமையில் ஒரு பொறி இருக்கிறது. கொதிகலன் குழாயை ஒட்டும் கை கனமான இரும்பில் பழகிய கை. ஹெரால்டின் மட்கார்டுத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. எலக்ட்ரோடை வைத்த மாத்திரத்தில் ஓட்டை விழும்; ஓட்டையை அடைக்கப் போனால் சூட்டில் தகடு அலையலையாக நெளியும். அடிச்சட்டத்துக்கு ஃபேப்ரிகேஷன் பட்டறை, பாடிக்குப் பழைய டிங்கர் என்று வேலையைப் பிரித்துக் கொடுப்பதே சரி. மெல்லிய தகட்டுக்கு சி.ஓ.2 வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக வைத்து, நடுநடுவே ஆறவிட்டு ஒட்ட வேண்டும். அவசரப்படும் பட்டறை, நெளிவை பட்டி பூசி மறைத்துவிடும். பட்டி இரண்டு மழைக்காலம் தாங்கும்.

துரு எங்கே பிடித்திருக்கிறது என்பதைக் கதவுதான் காட்டிக்கொடுக்கும். அடிச்சட்டத்தின் பக்கவாட்டுக் கைகள் உளுத்தால் பாடி தொய்ந்து, கதவின் மேல் இடைவெளி ஒரு முனையில் விரல் நுழையும் அளவுக்கும் மறுமுனையில் காகிதம் நுழையாத அளவுக்கும் மாறிவிடும். கதவைத் தூக்கிச் சாத்த வேண்டிய ஹெரால்டை, பெயிண்ட் எவ்வளவு மின்னினாலும், அடியில் படுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 1977 நவம்பர் வெள்ளம் திருச்சியின் தாழ்ந்த பகுதிகளில் புகுந்தது. அப்போது தண்ணீரில் நின்ற வண்டிகளின் பெட்டிச் சட்டத்துக்குள் படிந்த வண்டலை யாரும் வெளியே எடுத்திருக்க வாய்ப்பில்லை. ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டிப் பார்த்தால் ஓசையே உண்மையைச் சொல்லும். பாடியைச் சட்டத்திலிருந்து தூக்குமுன் கதவு இருக்கும் இடத்தில் குறுக்குக் கம்பி வைத்து ஒட்டிவிட வேண்டும். ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் எத்தனை தகட்டு வாஷர் இருந்தது என்று எழுதி வைக்கவும் வேண்டும். இதை விட்டவர்கள் கதவைப் பொருத்தவே மாதக்கணக்கில் போராடுகிறார்கள்.

வேலையைத் தொடங்குமுன் ஸ்பானர். இந்தக் காரின் போல்ட் எல்லாம் அங்குலக் கணக்கு: 7/16, 1/2, 9/16. கடையில் கிடைப்பதோ மில்லிமீட்டர். 13 ஸ்பானர் அரை அங்குல நட்டில் நுழையத்தான் செய்யும், இடைவெளி 0.3 மில்லிமீட்டர்தான். துருப்பிடித்த நட்டில் அதை வைத்து மிதித்தால் மூலைகள் உருண்டு, பிறகு உளியும் கேஸ் கட்டரும் வேண்டியிருக்கும். ஒரு அங்குல செட் வாங்குவது இந்த முழு விவகாரத்திலும் மிக லாபமான செலவு.

பழுதுகளில் முதலிடம் பிரேக்குக்கு. நான்கு சக்கரத்திலும் டிரம், எல்லாவற்றுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே குழாய்ச் சுற்று. எங்கே ஒரு இடத்தில் கசிந்தாலும் பெடல் தரையைத் தொடும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. பல ஆண்டு நின்ற காரில் அந்த ஈரம் சிலிண்டர் சுவரில் குழி குழியாகத் துருவை உண்டாக்கும். புது ரப்பர் கிட் மட்டும் போட்டால் குழியின் விளிம்பில் உரசிச் சில வாரத்தில் மீண்டும் கசியும். சிலிண்டரைக் கடைசல் பட்டறையில் பெருக்கி, பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் இறக்கி மூல அளவுக்குக் கடைவதே நிலையான வழி. திருச்சியில் இது செய்யக்கூடிய வேலை. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பதால் டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்து ஊதுவது ஆபத்து. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். இரும்புக் குழாய்கள், ரப்பர் ஹோஸ்கள் அனைத்தையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது நல்லது.

அடுத்தது முன்சக்கரம். இதில் ஒரு சின்னத் தவறு சக்கரத்தையே கழற்றிவிடும். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள்ளேயே சுழல்கிறது. ட்ரன்னியன் எனப்படும் இந்த இடத்துக்குத் தொழிற்சாலைக் கையேடு கேட்பது 90-ம் நம்பர் கியர் ஆயில். ஆனால் அங்கே கிரீஸ் நிப்பிள் போன்ற ஒன்று இருப்பதால், சர்வீஸுக்கு விட்டால் கிரீஸ் கன்னைத்தான் எடுப்பார்கள். கிரீஸ் மரைக்குள் முழுதாக இறங்காது. நாளடைவில் காய்ந்து கட்டியாகி, புதிதாக எதுவும் உள்ளே போகவிடாமல் அடைத்துக்கொள்ளும். மழைத் தண்ணீர் மட்டும் போகும். உள்ளே துருவேறிய தண்டு ஒரு நாள், பெரும்பாலும் காரை மெதுவாகத் திருப்பும் நேரத்தில், மரையின் மேல்விளிம்பில் முறியும். ஒரு கிரீஸ் கன்னில் கியர் ஆயிலை நிரப்பி, ஜாக்கியில் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பிக்கொண்டே சுத்தமான ஆயில் வெளியே வழியும்வரை அடிக்க வேண்டும். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை, அரை மணி நேர வேலை. இந்தக் காரைப் பற்றி ஒரே ஒரு தகவல் மட்டும் சொல்ல அனுமதி என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஸ்டியரிங்கைச் சொன்னதால் ஒரு சேதி: ஹெரால்டு திரும்பும் வட்டம் 25 அடி. ஸ்ரீரங்கத்து வீதி முனைகளில் புதுக் கார்கள் முன்னும் பின்னும் போய்வரும் இடத்தில் இது ஒரே வீச்சில் திரும்பிவிடும்.

எஞ்சினைப் பொறுத்தவரை அது எளிமையானது, முரடும்கூட. வால்வ் இடைவெளி 0.010 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம்; இரண்டையும் ஒரு ஃபீலர் கேஜ் வைத்து வீட்டில் யாரும் சரிசெய்யலாம். வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் பானெட்டைத் திறந்து கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் நகர்ந்தால், பின் மெயின் பேரிங்கின் பக்கவாட்டில் உள்ள அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன அல்லது சம்ப்பில் விழுந்தேவிட்டன என்று பொருள். அனுமதிக்கப்பட்ட ஆட்டம் 0.2 மில்லிமீட்டர் அளவுதான். தேய்ந்த நிலையில் கண்டுபிடித்தால் சம்ப்பை மட்டும் இறக்கி, எஞ்சினை வெளியே எடுக்காமலேயே புது வாஷரைச் செருகலாம். கண்டுகொள்ளாமல் ஓட்டினால் கிராங்க் நேராக பிளாக்கைச் செதுக்கும். பிறகு அந்த பிளாக் பழைய இரும்பு விலைதான். மற்றபடி ரீபோர், வால்வ் கிரைண்டிங், கிராங்க் கிரைண்டிங் எல்லாம் ஊரிலேயே நடக்கும்.

பெட்ரோல் இரண்டு முறை மாறியதும் இந்த எஞ்சின் மேல் விழுந்த சுமை. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோல்தான். பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வ் இருக்கைகளுக்கு ஈயமே மெத்தைபோல் இருந்தது. அது போனதும் எக்ஸாஸ்ட் வால்வ் மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் புதைகிறது. வால்வ் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வருவதுதான் இதன் அடையாளம். ஹெட்டைக் கழற்றும் சந்தர்ப்பத்தில் கடினமான எஃகு இருக்கைகளைப் பதித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இரண்டாவது மாற்றம் 20 சதவீத எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ், மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், கார்க் கேஸ்கெட் மூன்றையும் அது அரிக்கும் அல்லது ஊறவைக்கும். எத்தனால் தண்ணீரையும் இழுப்பதால், மாதக்கணக்கில் நிற்கும் காரின் டேங்க்கில் அடியில் நீர் பிரிந்து துரு பிடிக்கும். ஹோஸையும் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவது இன்று மேம்பாடு அல்ல, கட்டாயம். காரை நிறுத்தி வைப்பவர் டேங்க்கை வடித்துவிடுவது மேல். ஓட்டை டேங்க்கை வீட்டில் வெல்டிங் வைப்பது மட்டும் கூடவே கூடாது. காலி டேங்க்கில் தங்கும் ஆவி பெட்ரோலைவிடக் கொடியது.

திருச்சியின் சித்திரை வைகாசி வெயிலில் ஹெரால்டு சூடாவதற்கு வண்டியின் வடிவமைப்பைக் குறை சொல்வது வழக்கம். உண்மையான குற்றவாளி பெரும்பாலும் போர் தண்ணீர். உப்புத் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றியதால் ரேடியேட்டர் குழாய்களிலும் எஞ்சின் பிளாக்கின் பின் மூலையிலும் சுண்ணாம்பு கெட்டியாகப் படிந்திருக்கும். ரேடியேட்டரைப் பித்தளை கோர் மாற்றி, பிளாக்கின் பக்கவாட்டு வடிகால் பிளக்கைத் திறந்து கம்பியால் குடைந்து அலசி, சுத்திகரித்த தண்ணீரோடு கூலன்ட் கலந்து ஊற்றினால் பாதி வண்டிகள் அதோடு அடங்கிவிடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் நம்மூர் வைத்தியம் வேண்டாத வேலை. எஞ்சின் சரியான சூட்டை எட்டாமல் ஓடித் தேய்மானம் கூடும்.

மின்சாரத்தில் சீர்கேடு அதிகம், செலவு குறைவு. ஆரம்ப வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இது தெரியாமல் புது ரேடியோவோ சார்ஜரோ பொருத்தினால் புகைதான் மிஞ்சும். டைனமோவுக்குப் பதில் சிறிய ஆல்டர்னேட்டர், நெகட்டிவ் எர்த், ஹெட்லைட்டுக்கு ரிலே, முக்கியச் சுற்றுகளுக்கு ஃபியூஸ் பெட்டி ஆகிய நான்கும் ஒன்றாகச் செய்ய வேண்டியவை. டைனமோவைப் பரணில் பத்திரப்படுத்திவிட்டால் எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். பாயின்ட்டுக்குப் பதில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் எலக்ட்ரானிக் இக்னிஷனும் இவ்வகைதான்.

மேம்பாடுகளைத் தரம் பிரிக்க உதவும் அளவுகோல் இதுவே: கழற்றித் திரும்பப் பழையபடி வைக்க முடிகிறதா, இல்லையா. இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் இந்தச் சோதனையில் தேறும்; உயிரையும் காக்கும். ஸ்பிட்ஃபயரின் முன் டிஸ்க் பிரேக் பாகங்களை இறக்குமதி செய்து பொருத்துவதும் தேறும். சுங்க வரிதான் சற்று வலிக்கும். மாருதி காரின் டிஸ்க்கை எப்படியாவது பொருத்திவிட, தண்டை வெட்டி ஒட்டித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறையிடமிருந்து விலகி நிற்பது நல்லது. பிரேக்கின் முழு விசையும் அந்த ஒட்டின் மேல்தான் விழும். பின்பக்கப் பிரிந்த ஆக்சில், வளைவில் வேகமாகப் போகும்போது திடீரென்று ஆக்சிலேட்டரை விட்டால், வெளிச் சக்கரத்தை உள்ளே மடக்கிக் காரைத் தூக்கிவிடும். 1970-ல் ஸ்பிட்ஃபயர் மார்க் 4-ல் வந்த, நடுவில் ஆடும் ஸ்பிரிங் பட்டையைப் போட்டால் இந்தக் குணம் வெகுவாக அடங்கும். அதற்கு முன் நல்ல 13 அங்குல ரேடியல் டயர் வேண்டும். பக்கச்சுவரில் அச்சிட்ட நான்கு இலக்கம் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பட்டன் தேயவில்லை என்பதற்காகப் பதினைந்து வருஷத்து டயரை ஓட்டுவது தற்கொலை முயற்சி.

எஞ்சின் சக்தியைக் கூட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர் ட்ரையம்பே ஹெரால்டு கூப்பேயில் பொருத்தியது. அது வண்டியின் மரபுக்குள்ளேயே இருக்கிறது. மாருதி எஞ்சினையோ டீசல் எஞ்சினையோ தூக்கி வைப்பது வேறு கதை. டிரம் பிரேக்கும் முதல் கியரில் சிங்க்ரோமெஷ் இல்லாத கியர் பெட்டியும் கொண்ட காருக்குக் கூடுதல் குதிரைசக்தி எதற்கு என்ற கேள்விக்கு இதுவரை யாரும் நல்ல பதில் சொன்னதில்லை.

உதிரிபாகத்துக்கு மூன்று வழி. சென்னை புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் முதல் வழி. சென்னையின் பாடி வட்டாரத்தில் 1960-களில் எழுந்த லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா போன்ற ஆலைகள் பிரிட்டிஷ் வடிவப் பாகங்களையே இங்கு செய்ததால், விற்காமல் பழைய பெட்டியில் கிடக்கும் சரக்கு இன்னும் தலைகாட்டும். இங்கிலாந்துக் கடைகள் இரண்டாவது வழி. மாதிரியைக் கொடுத்து ஊரிலேயே கடைந்து வாங்குவது மூன்றாவது. புஷ், பின், ஸ்லீவ், பிராக்கெட் வகைகளுக்கு இது போதும். ட்ரன்னியனையும் செங்குத்துத் தண்டையும் மட்டும் இப்படிச் செய்யக் கூடாது. சரியான எஃகும் சரியான வெப்பப் பதமும் இல்லாத தண்டு, பார்வைக்கு அசலைப் போலவே இருந்து, வழியில் முறியும்.

கடைசியாகச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை அமைப்பை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எஞ்சினை மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ.வின் முன் அனுமதி தேவை. ஸ்ரீரங்கத்தில் பதிவு வைத்திருப்பவருக்கு அது டி.என். 48 அலுவலகம். 15 ஆண்டு கடந்த சொந்தக் காருக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது ஆய்வாளர் எஞ்சின் எண்ணையும் சட்ட எண்ணையும் பார்ப்பார். எண் பொறித்த தகட்டின் மேல் பெயிண்ட் அடித்தும் கிரைண்டர் ஓட்டியும் வைப்பவர்கள் அப்போதுதான் தவிக்கிறார்கள்.

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கெனத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த, அடிச்சட்டத்திலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனம் இதற்குத் தகுதி பெறும். மாநிலக் குறியீட்டுக்குப் பின் வி.ஏ. என்ற எழுத்துகளோடு எண் தரப்படும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு கழித்துப் புதுப்பிக்க 5,000 ரூபாய் என்று அந்த விதி கட்டணம் வைத்தது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடம் அலுவலகம் போக முடியாது. அன்றாடம் ஓட்ட விரும்புபவர் பழைய ஆர்.சி.யையே புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கூரையைக் கழற்றித் திறந்த காராக்கிய ஹெரால்டும் டீசல் எஞ்சின் ஏற்றிய ஹெரால்டும் வி.ஏ. எண்ணுக்கு விண்ணப்பித்தால் திருப்பி அனுப்பப்படவே வாய்ப்பு அதிகம். சென்னையில் வெளிவந்த ஹெரால்டுகள் எல்லாமே 50 ஆண்டு வரம்பைத் தாண்டிவிட்டன. உற்பத்தி 1977-ல் நின்ற கெசல்களில் மிச்சமிருப்பவை 2027-க்குப் பிறகு ஏறக்குறைய முழுவதுமாக அதே வரம்புக்குள் வந்துவிடும்.